சீருடைக்கு வந்த கண்டாங்கி

மேலாளர் அக்கா என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது, அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கும் காட்சிதான். நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடிக்கு வந்து, விடுதியின் பின்வாசலில் வண்டியை நிறுத்தி, இடுப்பில் முடிந்திருந்த துப்பட்டாவை அவிழ்த்து உதறுவார். புழுதி பறக்கும். பிறகு முகம் கழுவிக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போவார். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். நான் கட்டடப் பொறியாளர். விரிசல் விட்ட சுவர், ஒழுகும் ஓடு என்று எல்லாவற்றையும் பட்டியலிட்டு, எதை முதலில் சரிசெய்வது என்று சொல்வது என் வேலை.

விரிசல்களைப் போலவே விருந்தினர்களையும் வகைபிரிக்கும் பழக்கம் அங்கே எனக்கு வந்துவிட்டது. முதல் வகை, "இந்த வீட்டில் போய் சுடிதாரா?" என்று அக்காவிடமே கேட்பவர்கள். இரண்டாம் வகை, சுடிதார் வடக்கிலிருந்து வந்தது, நம் பெண்கள் ஆதிகாலம் தொட்டுப் புடவை ரவிக்கையில்தான் இருந்தார்கள் என்று விளக்குபவர்கள். இவர்கள் பெரும்பாலும் அரைக்கால் சட்டையில் நின்றபடி விளக்குவார்கள். மூன்றாம் வகை, சிரித்துவிட்டுப் போய் இதையே இணையத்தில் எழுதுபவர்கள். சென்னையில் இருந்த முதலாளி படித்தது இவர்கள் எழுதியதைத்தான்.

அடுத்த முறை வந்தபோது அவர் காரில் ஒரு கட்டு கண்டாங்கிப் புடவைகள் இருந்தன. கூடவே முழங்கை வரை கைவைத்துத் தைத்த ரவிக்கைகள். கொசுவம் முன்னால் விசிறிபோல் நிற்க வேண்டும், மடிப்பு கலையக் கூடாது என்றார்.

"இதான்மா நம்ம பாரம்பரியம். நாளையிலேருந்து இதைக் கட்டுங்க. முடியாதுன்னா வேற ஆள்தான் பாக்கணும்."

அக்காவின் வீட்டில் சம்பளம் என்று வருவது அவருடையது மட்டும்தான். ஆனால் புடவை சக்கரத்தில் சிக்கி ஒருமுறை சாலையில் விழுந்தவர் அவர். இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாமே என்றார் முதலாளி. செங்குத்தான மரப்படியில் நாள் முழுக்க ஏறி இறங்குவது யார் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அக்கா முற்றத்துச் சுவர்ப் பக்கம் நடந்தார். அங்கே பெரிய ஆச்சியின் புகைப்படம் தொங்கியது. முதலாளியின் பாட்டனாரைப் பெற்றவர். கழுத்து நிறைய நகை. நாற்காலியைப் பிடித்தபடி சற்றே திரும்பி நிற்கிறார். கண்டாங்கியின் கொசுவம் பின்னால் இருக்கிறது. ரவிக்கை இல்லை.

"அண்ணே, ஆச்சி எப்படி நிக்கிறாக, பாத்தீகளா? பாரம்பரியம்தான் வேணும்னா சொல்லுங்க. நாளைக்கு இப்படியே வாரேன்."

அடுக்களையில் எதுவோ உருண்டது. சமையல்கார அண்ணன் சிரிப்பை அடக்குவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்மா, மெதுவாப் பேசு, கெஸ்ட் இருக்காக. அது அந்தக் காலம்" என்றார் முதலாளி.

"அதைத்தானண்ணே நானும் சொல்றேன். நீங்களும் பேன்ட்டுலதான நிக்கிறீக."

முதலாளி படத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "சரி, பாப்போம்" என்று போனவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அந்த வீட்டின் சுவர்களைச் சுரண்டும்போது ஒரு நிறத்துக்குக் கீழே இன்னொரு நிறம் வரும். இதில் அசல் எது என்று கேட்பார்கள். ஒவ்வொன்றும் பூசப்பட்ட அன்று புதிதுதான். உடை விஷயத்தில் மட்டும் கடைசியாகப் பூசியதையே அசல் என்று நாம் எல்லோரும் நம்பிவிடுகிறோம். அந்தப் படத்தில் ஆச்சி எதற்கும் கூசி நிற்கவில்லை. கூச்சம் பிற்பாடு நமக்கு வந்தது.

சென்ற மாதம் ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். பீரோவில் கிடந்த அந்தக் கண்டாங்கிகளை, படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் விருந்தினர்களுக்குக் கட்டிவிடுகிறார்கள். டி-சர்ட்டின் மேல் புடவை சுற்றி ஒரு பெண் நின்றாள். சுடிதாரில் முழந்தாளிட்டு, அக்கா அவளுக்குக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்துல இப்படித்தான் கட்டுவாங்களாக்கா?"

"இல்லத்தா. இது இப்ப."

அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா. "அசையாம நில்லு, ஊசி குத்திரும்."