ஆறு ஆணியும் அம்மன் கேட்ட ஜன்னலும்

நேற்று கோயிலில் என்னை அம்மன் ஆக்கிவிட்டார்கள்!

(சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டு, கூடப் படித்த அடுத்தவளுக்கு இந்தக் கடிதத்தைத் தபாலில் தள்ளிவிடுங்கள்.)

தோழிகளே, எனக்கு நாற்பத்தெட்டு வயசாகிறது. ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறுகிறது. ரவிக்கை நனைகிறது. படபடப்பு. தூக்கம் சுத்தமாக இல்லை.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாதவிலக்கு நிக்கிற வயசும்மா. உடம்புல ஹார்மோன்னு ஒண்ணு சுரக்கும். அதுல ஒண்ணு குறையுது. நீங்க கவலைப்பட்டா இன்னொண்ணு கூடுது. ரெண்டும் சேந்து படுத்துது."

"மருந்து?"

"நல்ல காத்துல படுங்க. கவலையே கூடாது."

நல்ல காற்று! எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு ஜன்னல். அதிலும் ஆறு ஆணி!

போன ஆடித் தபசுத் திருவிழாவில் திருநீறு வாங்கும்போது, பக்கத்து வீட்டுப் பங்காளி எங்கள் வீட்டுக்காரருக்கு முன்னால் கையை நீட்டிவிட்டார். அவ்வளவுதான் குற்றம்! அன்றைக்கே அவர் வீட்டுப் பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்துவிட்டார் இவர்.

ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர் சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன்.

"ஏங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்துவிடுங்களேன். மூச்சு முட்டுது."

"கோயில்ல வச்சு சத்தியம் பண்ணிருக்கேன்ட்டி! அவன் வீட்டுக் காத்து என் வீட்டுக்குள்ள வரப்படாது!"

(வெள்ளைக்காரனே நாட்டை விட்டுவிட்டுப் போய்விட்டான். இவர் ஜன்னலை விடமாட்டேன் என்கிறார்!)

நேற்று வெள்ளிக்கிழமை. உச்சிக்காலப் பூஜைக்குப் போனோம். அம்மன் சன்னதியில் நிற்க இடமில்லை. மேளம், மணி, சாம்பிராணிப் புகை. சரியாக அந்த நேரம் பார்த்து வந்தது சூடு!

முகம் சிவந்தது. கழுத்து வியர்வையைத் துடைக்கலாம் என்று கொண்டையை அவிழ்த்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

"அம்மன் வந்துட்டா! அம்மன் வந்துட்டா!" என்று ஒரு குரல். குலவை சத்தம் காதைப் பிளந்தது.

"இல்லம்மா, எனக்கு வேர்க்குது..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள்.

அடடா, என்ன சுகம்!

அடுத்து நாலு பெண்கள் வேப்பிலைக் கொத்தை வைத்து வீச ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் முதல் காற்று! உண்மையைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

கண்ணைத் திறந்தால், எங்கள் வீட்டுக்காரர் காலடியில் கிடக்கிறார்.

"தாயே, நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

முப்பது வருஷமாக அவர் பெயரைக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை நான்.

"ஏலே!" என்றேன்.

(சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பழகிவிட்டது.)

"ஏலே, ஜன்னல் எங்கலே?"

"எந்த ஜன்னல் தாயே?"

"ஆறு ஆணி அடிச்சு அடைச்சியே, அந்த ஜன்னல்! எனக்கு மூச்சு முட்டுதுலே!"

அவருக்கு வெலவெலத்துவிட்டது. கூட்டம் வாயில் கை வைத்தது.

"ஆணிக் கணக்கைக்கூடச் சொல்லுதாளே ஆத்தா!"

(சொல்லாமல்? அடிக்கும்போது ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்ததே நான்தானே!)

"சத்தியம் பண்ணிட்டேனே தாயே..."

"எங்கிட்டதானலே பண்ணுன? நானே சொல்லுதேன், தொற!"

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை. இடுக்கியை எடுத்து ஆறு ஆணியையும் பிடுங்கினார். ஜன்னல் திறந்தது. சில்லென்று காற்று வந்து முகத்தில் பட்டது. அழுதுவிட்டேன்.

"அம்மனே வாய்விட்டுக் கேட்டுட்டா. பொறவு மறுக்க முடியுமாட்டி?" என்றார் அவர்.

நான் ஆறு மாதமாகக் கேட்டேன். அம்மன் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

பொய் சொன்னது பாவமா என்று மனசு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த அம்மனும் ஒற்றைக்காலில் தபசு நின்றுதானே சிவனிடம் கேட்டதை வாங்கினாள்? அவளுக்குப் புரியும்.

அவர் கடைக்குப் போனதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். பங்காளியின் மனைவி, எனக்கு இரண்டு வயசு மூத்தவள். முகமெல்லாம் வியர்வை, கையில் பனையோலை விசிறி!

"அக்கா, உங்களுக்குமா?"

"ஒரு வருசமாட்டி!" என்றாள். பிறகு கம்பியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்.

"எங்க அடுப்படிக்கு ஒரு புகைக்கூண்டு வைக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கி. வார வெள்ளிக்கிழமை நான் கொண்டையை எப்ப அவுக்கணும்?"

நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.

உங்கள் வீட்டில் எது அடைபட்டுக் கிடக்கிறது தோழிகளே? கடிதத்தின் பின்பக்கம் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஆணி எத்தனை என்பதை மறக்காமல் எண்ணி எழுதுங்கள்!