ஷாஹினா என்கிற தலையணை

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. டீச்சர் என் அக்கா. மாணவர்கள் ஒரு தலையணை, காது போன கரடிப் பொம்மை, அம்மாவின் தூக்குவாளி, கடைசியாக நான். அப்பாவுக்குக் கொச்சங்காடியில் ஏலக்காய்க் கிடங்கில் வேலை கிடைத்து, போடியிலிருந்து கேரளத்தில் இருக்கும் மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த புதிது. அக்காவை அங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். என்னை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் விட்டுவைத்தார்கள். அக்காவிடம் விட்டுவைத்தார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடமே கிடையாது. மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். எல்லாரையும் வட்டமாக உட்காரவைப்பாள். தலையணைக்குப் பெயர் ஷாஹினா. "ஷாஹினா, கொறச்சு கறி எடுத்தோ" என்று, கொஞ்சம் குழம்பு எடுத்துக்கொள்ளச் சொல்லி மலையாளத்தில் கொஞ்சிக் கொஞ்சி, நிஜ முறுக்கை அதன் முன்னால் வைப்பாள். நான் கிட்டே போனால், "பாண்டிக்கு இங்க எடமில்ல, வாசல்ல போய் உக்காரு" என்பாள். தமிழ்நாட்டுக்காரர்களை அங்கே ஏளனமாகக் கூப்பிடும் பெயர் அது. அவளும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தது அவளுக்கு எப்படி மறந்ததோ! அழுதால் இன்னும் தள்ளி, செருப்பு விடும் இடத்துக்குப் போகவேண்டும். தோப்புக்கரணம் போட்டு, "மாப்பு டீச்சரே, சேத்துக்கோங்க" என்று கெஞ்சினால் சில நாள் மனமிரங்குவாள். பல நாள் மாட்டாள்.

"ஏண்டி அவனப் போட்டு இந்தப் பாடு படுத்துற?" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள்.

"பேசத் தெரியாதவங்களச் சேக்க மாட்டாங்கம்மா" என்பாள் அக்கா, ஏதோ அரசாங்க உத்தரவு மாதிரி. இத்தனைக்கும் அவள் மேல் எனக்கு உயிர். அவள் இல்லாத பகல்பொழுது எனக்கு நகரவே நகராது.

அடுத்த ஜூனில் என்னையும் அதே பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்காவைத் தேடி ஓடினேன். வராந்தாவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ "ஷாஹினா" என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷாஹினாவுக்குக் கையும் காலும் இரட்டைச் சடையும் இருந்தன! அக்கா அந்த வட்டத்தில் இல்லை. தூரத்தில் கடைசிப் படியில் தனியாக உட்கார்ந்து, புளிச்சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அக்கா ஏதோ தப்பு செய்திருக்கிறாள், தள்ளி உட்காரவைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவஸ்தர் யார் இருக்கிறார்கள்? நேராக ஷாஹினா முன்னால் போய், காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன்.

"மாப்பு டீச்சரே, எங்க அக்காவச் சேத்துக்கோங்க. அவ நல்லா மலையாளம் பேசுவா. வீட்ல தெனமும் உங்ககூடத்தான் பேசுவா. உங்களுக்கு மட்டும்தான் முறுக்கு குடுப்பா."

வட்டம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அக்கா பாய்ந்து வந்து தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், உயிர் போய்விட்டது. "மானத்த வாங்கிட்டியேடா" என்று என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள்.

ஷாஹினா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தாள். "அவனெ விடெடி" என்றாள். பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்து நகரவைத்தாள். "நீ இவிட இரி. மோனும் வா."

அக்கா உட்கார்ந்தாள். ஷாஹினா தன் மீன் வறுவலில் பாதியை அவளுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு, கேட்காமலே ஒரு கை புளிச்சோற்றை அள்ளிக்கொண்டாள். அடுத்தவள் அள்ளினாள். அதற்கடுத்தவளும் கையை நீட்டினாள். அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

எனக்கு வந்ததே கோபம்! "எங்க அக்கா சோத்த எடுக்காதீங்க, அவ அழுறா" என்று கத்தி, இரண்டு கையாலும் டப்பாவை மூடிக்கொண்டேன்.

அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். "எடுக்கட்டும்டா" என்றாள். டப்பா காலியான பிறகும் அவள் ஏன் அதை அப்படிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.