பிச்சைச் சம்பளம்

ஏழைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த உதவிப் பணத்தை எங்கள் பக்கத்தில் பிச்சைச் சம்பளம் என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளில், என் கணவர் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, அதைக் கேட்டு டவுனில் ஓர்ஸ் ஹில் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். எங்கள் ஊர் சல்லியில் வழிமறித்துக் கேட்டவர்களிடம் ஆஸ்பத்திரிக்கு என்றேன்.

கந்தோர் ஐயா தலை நிமிராமல் கேட்டார். "மனிசனுக்குக் கை கால் சுகந்தானே?"

"ஓம் ஐயா."

"பிறகென்ன? பஞ்சி பிடிச்ச ஆக்களுக்கெல்லாம் குடுக்க ஏலாது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். பஞ்சி, சோம்பல் என்று ஐயா சொன்னதைத்தான் நானும் வீட்டில் என் கணவருக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உளவியல் படித்துவிட்டு அந்தக் கந்தோருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் என் பின்னால் வெளியே வந்தாள். "அக்கா, உங்கட வீட்டை நான் வரலாமோ?"

வந்தாள். இருந்த ஒரே கதிரையை நான் துடைத்து வைக்க, அவள் மணலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்கவேயில்லை. வள்ளம் கவிழ்ந்த நாளைப் பற்றிக் கேட்டாள். அன்று அவருடைய தம்பி மூழ்கிப்போனது ஊருக்கே தெரியும். மிச்சத்தை நான் குசினி வாசலில் நின்று முதல்முறையாகக் கேட்டேன்.

"அவன் என்ர காலைப் பிடிச்சவன். நான் உதறினனான். இப்ப தண்ணிக்குள்ள கால் வைச்சா அந்தக் கை வந்து பிடிக்குது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குள் போய் இருந்துவிட்டேன்.

மறுவாரம் அவள் என்னையும் வைத்துக்கொண்டு ஐயாவிடம் கதைத்தாள். "காசுள்ளவைக்கு இப்பிடி வந்தால் வருத்தம், நோய் எண்டு சொல்லுறம். இல்லாதவைக்கு வந்தால் பஞ்சியோ ஐயா?"

ஐயா முணுமுணுத்தபடி சம்மதித்தார். "இது பிச்சை இல்லை அக்கா, உங்களுக்குச் சேரவேண்டியது" என்றாள் அவள். ஓம் என்றேன். ஆனாலும் காசு எடுக்கப் போகும்போதெல்லாம் தெரிந்த முகம் நிற்கிறதா என்று பார்த்துத்தான் வரிசையில் சேர்வேன். அவளோ மாதத்தில் இரண்டு தரம் வந்து அவரோடு கதைத்தாள்.

ஒருநாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "காசெடுக்க இண்டைக்கு நான் போறன்" என்றார். திரும்பி வந்தவர் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த வரிசையில் நிற்பது எப்படியென்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதமும் அவரே போனார்.