வேட்பாளரின் வெள்ளைக் கை

எனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல்லே கிடையாது. ஒவ்வொன்றின் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். சரி, இதில் முக்கால்வாசி அளப்பு. மீதிக் கால்வாசியை நம்பித்தான் எங்கள் குடியிருப்பின் சலவைக்காரர் அன்று என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவரை எல்லோரும் 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவோம். படித்து முடித்த செய்தித்தாள்கூட அவருக்கு மடிப்புக் கலையாமல் இருக்கவேண்டும். கீழ்த்தளத்தில் ஒரே அறை. பாதி இஸ்திரி மேசைக்கு, மீதி குடித்தனத்துக்கு. காலரைப் பார்த்தே சட்டை எந்த வீட்டுடையது என்பார். இருபத்தாறு வருஷமாக மொட்டை மாடிக் கொடிகளில்தான் துணி உலர்த்துகிறார். அங்கே கூரை போட்டு உடற்பயிற்சிக்கூடம் கட்டுவேன் என்று சொல்லி, இரண்டாம் மாடிப் பல் டாக்டர், குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தலில் நின்றார். கொடி போனால் மடிப்பின் பிழைப்பும் போச்சு. அதனால் இவரும் பெயர் கொடுத்துவிட்டார்.

"நோட்டீஸ்ல என் பேருக்கு முன்னாடி கேண்டிடேட்னு போட்டிருக்காங்கக்கா. அப்படின்னா?"

"வேட்பாளர்."

"அது தெரியாதா எனக்கு? அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு? எந்த வீட்டுதுன்னு தெரியாம நான் துணியையே தொடமாட்டேன்!"

இப்படிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? அகராதியை இறக்கினேன். லத்தீனில் 'கேண்டிடஸ்' என்றால் பளீர் வெள்ளை. ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவர்கள் வெள்ளை அங்கி உடுத்தி, அதுவும் போதாமல் அதன்மேல் சுண்ணப்பொடி பூசிக்கொண்டு தெருத்தெருவாகக் கைகுலுக்கப் போவார்களாம். வெள்ளை உடுத்தியவர்தான் கேண்டிடேட். மெழுகுவர்த்தியான கேண்டில், மனதில் உள்ளதை மறைக்காமல் பேசுவதைச் சொல்லும் கேண்டிட், எல்லாம் ஒரே குடும்பம்.

மடிப்பின் கண் விரிந்தது. "வெளுப்பா! இது நம்ம தொழிலாச்சேக்கா!"

மறுநாள் தையல் சாக்குக்கட்டியைப் பொடித்துச் சட்டையிலும் கையிலும் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் மலையூரில் அப்போது குளிர்காலம், எல்லோர் மேலும் கறுப்புக் கோட்டு. ஒவ்வொருவர் தோளையும் ஆசையாகத் தட்டினார். "உங்களுக்குப் போடாம வேற யாருக்குண்ணே போடப்போறோம்?" என்றார்கள் அத்தனை பேரும்.

டாக்டருக்கு நாற்பத்தொன்பது வோட்டு. மடிப்புக்கு மூன்று: அவர், அவர் மனைவி, நான்.

திங்கட்கிழமை கோட்டுகள் வெளுக்க வந்தன. முப்பத்தெட்டு. ஒவ்வொன்றின் தோளிலும் ஐந்து விரலோடு ஒரு வெள்ளைக் கை. மடிப்பு தன் உள்ளங்கையை அதில் வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றைக்கூட நனைக்காமல் அப்படியே மாடிக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார்.

சாயங்காலம் கூரைக்கு அளவெடுக்க டாக்டர் டேப்போடு வந்தார். பின்னாலேயே சங்கமும் வந்தது. ஆளாளுக்குத் தன் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"என்ன மடிப்பு, துவைக்காமலே காயப்போட்டிருக்கே?"

"கறை எப்படிப்பட்டதுன்னு பார்க்கறேன் டாக்டர். போகுமான்னு தெரியல."

"சரி, கூரைக்குச் சம்மதம்னா கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. "குளிர்ல யாருங்க மாடியேறி உடற்பயிற்சி பண்ணுவாங்க?" என்றது ஒரு குரல். டாக்டர் டேப்பைச் சுருட்டினார். கொடிகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

இதுவரை எழுதியதை, போர்வை கொடுக்க வந்த மடிப்பின் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு போர்வையை என் மடியில் வைத்தாள்.

"எல்லாம் சரிதான்க்கா. ஆனா வோட்டு மூணு இல்ல, ரெண்டு. எண்ணும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்."