சிவிங்கிக்கு எந்த நிறம்

ஏழாவது படிக்கும் மகளிடம் பள்ளியில் சிவிங்கிப்புலி வாழும் இடங்களை வரைபடத்தில் நிறமடித்து வரச் சொல்லியிருந்தார்கள். மகள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அவளைப் பெற்றவள் இறந்து ஒரு வருடத்தில், ஆண்டிபட்டியிலிருந்து இந்த ஓடைப்பட்டி வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். ஆறு வருடமாக அவளுக்கு நான் சித்திதான்.

தோட்டத்துத் திராட்சையைத் தரம் பிரித்துக்கொண்டே அவளுக்குப் புத்தகத்தை வாசித்துச் சொன்னேன். சிவிங்கியில் நான்கு கிளையினமாம். நமீபியா, போட்ஸ்வானா பக்கம் இருப்பதற்கு மஞ்சள். எத்தியோப்பியா, சோமாலியாவுக்குப் பச்சை. சகாராவில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத்துக்கு நீலம். ஆசியச் சிவிங்கிக்குச் சிவப்பு. அது இப்போது ஈரானில் மட்டும்தான், அதுவும் சொற்பம். முன்பு நம் நாட்டில் ஓடியதும் அந்தச் சிவப்புதான், வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். இப்போது மத்தியப் பிரதேசத்துக் காட்டில் விட்டிருப்பது ஆப்பிரிக்காவில் அந்த நமீபியா பக்கமிருந்து விமானத்தில் கொண்டுவந்தவை. வந்ததில் சில செத்தும் போயின.

இந்தியாவுக்கு வந்ததும் பென்சில் நின்றது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி, அங்கிருந்து வந்ததுதானே, மஞ்சளை அடி என்றேன்.

அவள் நிமிரவில்லை. "இங்கன இருந்தது செகப்புல்ல சித்தி? மேல மஞ்சள அடிச்சா அது இருந்ததே யாருக்கும் தெரியாதே."

எனக்குச் சுருக்கென்றது. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது முன்னறையிலிருந்த அவள் அம்மா படத்தைக் கழற்றியவள் நான். அந்த ஆணியில் எங்கள் கல்யாணப் படத்தை மாட்டிவிட்டு, அவள் படத்தை உள்ளறை பீரோ மேல் வைத்தேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு மறதி என்றேன். மறதி இல்லை, பொறாமை. செத்தவளிடம் போய்ப் பொறாமை. இந்தப் பிள்ளை அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுந்துபோய் அவள் அம்மா படத்தைத் துடைத்து வந்து, எங்கள் படத்தைக் கழற்றிவிட்டு, பழைய ஆணியிலேயே மாட்டினேன். அவள் பார்த்தாள். வரைபடத்துக்குத் திரும்பிக்கொண்டாள். திராட்சைக் கூடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்து காட்டினாள். இந்தியா முழுக்கச் சிவப்புக் கோடுகள். நடுவில், அந்தக் காடு இருக்கும் இடத்தில், கடுகளவு ஒரு மஞ்சள் புள்ளி.

"இம்புட்டுப் போதும்ல சித்தி?"

போதும் ஆத்தா என்றேன். இன்னும் கொஞ்சம் மஞ்சள் கேட்க எனக்கு வாய் வரவில்லை.