நிறுத்துவதற்குப் பாட்டில்லை

என் தம்பி இணையத்தில் ஒரு வானொலி வைத்திருந்தான். கண்டக்குழியில், எங்கள் வீட்டோடு ஒட்டிய அறையில். ஒரு கணினி, ஒரு மைக், ஒரு கதிரை. பகலெல்லாம் பழைய பாட்டுப் போகும். கேட்டவர்கள் அநேகம் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

ஊரில் மௌத்து என்றால் பாட்டை நிறுத்திவிடுவான். மையித்தை அடக்கும்வரை பாட்டில்லை. இடைக்கிடை இறந்தவர் பெயரைச் சொல்லுவான். பாட்டு நின்றால் போதும், பிள்ளைகள் வீட்டுக்குக் கோல் எடுப்பார்கள்.

என் மகன் கத்தாரில் ஒரு ஸ்டோரில் வேலை. போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டோர் கணினியில் தம்பியின் வானொலி போகும். தன் மாமா மௌத்தானதை மகன் அப்படித்தான் அறிந்தான். லீவு கேட்டு வெளியே வந்து, போனை வாங்கி, அடக்கக் கொண்டுபோகுமுன் வீடியோவில் முகத்தைப் பார்த்தான்.

பிறகு சட்டம் வந்தது. எங்கள் நாட்டில் இல்லை. தம்பியின் வானொலியை இணையத்தில் ஏற்றிவிடும் கம்பனி இருக்கும் நாட்டில். ஒவ்வொரு பாட்டுக்கும், அதைக் கேட்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கணக்குப் பார்த்து உரிமைக் காசு கட்ட வேண்டும். பெரிய வானொலிக்கும் அதே வீதம், தம்பிக்கும் அதே வீதம். கட்டாமல் பாட்டுப் போட்டால் கம்பனி வெட்டிவிடும்.

நான் ஏசினேன். என்னை நானா என்று கூப்பிடும் தம்பி ஏசவில்லை.

"நாம பிடிச்ச மீனுக்கு விலை கேக்கிறதானே நானா. பாடினவனும் கேப்பான்" என்றான்.

அது சரி. ஆனால் ட்ரோலருக்கும் தெப்பத்துக்கும் ஒரே வரி போட்டால் தெப்பம்தான் கரையில் கிடக்கும்.

பாட்டை எடுத்துவிட்டான். மௌத்து அறிவித்தல் மட்டும் மிஞ்சியது. அன்று ஊரெல்லாம் போன் அடித்தது. யாருக்கு மௌத்து என்று கேட்டார்கள். மகனும் பதறிப்போய்க் கோல் எடுத்தான். என் மனைவிதான் பேசினாள்.

"ஒருத்தரும் மௌத்தாகல்ல மகன். பாட்டுத்தான் மௌத்து."

இரண்டு பேரும் சிரித்தார்கள். போகப்போக யாரும் எடுக்கவில்லை. பழகிவிட்டது.

மனைவிக்கு நெஞ்சு வருத்தம் முதலே இருந்தது. ஒரு முற்பகல் தேத்தண்ணி கொண்டுவந்தவள் கதவடியில் சாய்ந்தாள். எழும்பவில்லை. பின்னேரம் அஸருக்கு அடக்குவதென்று பள்ளியில் முடிவாயிற்று. மகனுக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. செய்தியும் போட்டேன். ஸ்டோர் நம்பர் எங்களிடம் இல்லை.

தம்பி மைக்கில் இடைக்கிடை என் மனைவியின் பெயரைச் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. பிறகு வெளியே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஒரு பாட்டப் போட்டுட்டு நிப்பாட்டவா நானா? அவனுக்கு விளங்கும்."

"மையித்து வீட்டில கிடக்கைக்குள்ளயா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அஸர் தொழுது அடக்கினோம்.

மகன் மாலையில் எடுத்தான். செய்தியைப் பார்த்துவிட்டான்.

"பகல் திறந்து பாத்தன் வாப்பா. பாட்டு இல்ல. சட்டம்தானே எண்டு மூடிட்டன்."

"ஓம் மகன்" என்றேன்.