பழைய குட்டைகள் நீங்கலாக

வில்மா ஸ்டாட்லர் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்த வீட்டு நாய் சக்கரத்துக்குக் குறுக்கே பாயும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அரசியலைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே கருத்து, தேர்தல் சமயத்தில் சாலையோரம் நடுகிற அட்டைகள் எதிரே வரும் வண்டியை மறைக்கின்றன என்பதுதான்.

அடுத்த வீட்டு எமெட் ப்ரைஸின் கிணறு கெட்டுப்போனது. மேட்டில் எரிவாயுக் கம்பெனி வெட்டியிருந்த கழிவுநீர்க் குட்டையிலிருந்துதான் ஊறி வருகிறது என்று ஊரே சொன்னது. குழாயைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்ட கிழவர், குடிக்கிற தண்ணீரைக்கூட டிரக்கில் ஏற்றிவர வேண்டியதாயிற்று. கேட்கப் போன அரசு அலுவலகத்தில், குட்டைக்கும் கிணற்றுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று மாநிலத்தில் சட்டமே இல்லை என்று கைவிரித்தார்கள்.

"அப்ப சட்டம் போடுற எடத்துக்கு ஆள் அனுப்பணும்" என்றார் எமெட். "நீ நில்லேன் வில்மா. நாப்பது பிசாசுகள வண்டில ஏத்தி ஒழுங்கா உக்கார வைக்கிற. சட்டசபை என்ன பெரிசா?"

"கிண்டல் பண்ணாதீங்க எமெட்."

"நான் கிண்டல் பண்ணினா உனக்குத் தெரியும்."

நின்றாள். எமெட் முட்டி வலியோடு வீடு வீடாகப் படியேறினார். சர்ச் அடித்தளத்தில் மீன் வறுத்துக் கூட்டம் நடத்தினார்கள். யாரும் எதிர்பார்க்காமல் வில்மா ஜெயித்துவிட்டாள்.

தலைநகரில் அவளை முதலில் தேடி வந்து கைகுலுக்கியவர் கார்ட்டர் ஹோல்ப்ரூக். எரிவாயுக் கம்பெனிகளுக்காகச் சட்டமன்றத்தில் பேசித் திரிவது அவர் வேலை. பூதத்தை எதிர்பார்த்திருந்த வில்மாவுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. மனிதர் அத்தனை இதமாகப் பேசினார். அவள் மகளின் பெயரைக்கூட மறக்கவில்லை. மறந்துபோனது, குட்டைக்கும் கிணற்றுக்கும் இடைவெளி வேண்டும் என்று அவள் கொண்டுவந்த மசோதாதான்; அதைப் பரிசீலிக்க வேண்டிய குழுவில் போட்டது போட்டபடி கிடந்தது.

கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் குழுத் தலைவர் டெல்பர்ட் க்ரௌஸ் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"உங்க மசோதா நாளைக்கு ஓட்டுக்கு வருது வில்மா. சின்னதா ஒரு திருத்தம்."

படித்தாள். 'ஏற்கெனவே உள்ள குட்டைகள் நீங்கலாக' என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. முந்தின வாரம் மதிய உணவின்போது ஹோல்ப்ரூக் சொன்ன அதே வார்த்தைகள்.

"இத யார் எழுதினது?"

"எல்லாரும் சேர்ந்துதான்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க ஊர் ஆஸ்பத்திரில பிரசவப் பிரிவ மூடுறதா பேச்சிருக்கில்ல? அதுக்கான நிதியும் என் குழு வழியாத்தான் வரணும். ஒத்துப்போறவங்களோட நானும் ஒத்துப்போவேன்."

அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். எமெட் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப என் கெணறு?"

"அது இதுல வராது."

"நீ எதுக்கு அங்க போன?"

"கீழ்ப்பள்ளத்துல புதுசா தோண்டப்போறாங்க. அந்தப் பத்து வீடாவது தப்பிக்கும். நம்ம பொண்ணுங்க மலை தாண்டிப் போய்ப் பெத்துக்க வேண்டாம். நான் வேற என்ன பண்ண, சொல்லுங்க."

"என்கிட்ட கேக்காத. ஓட்டுப் போடறதுக்கு உன்ன அனுப்பியாச்சு." தொட்டியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வில்மா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மசோதா நிறைவேறியது. அவையே கைதட்டியது. வெளியே வந்ததும் ஹோல்ப்ரூக் மனதார வாழ்த்தினார். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம், அப்படியானால் இவருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்ற கேள்வி அன்றிலிருந்து அவளை அரித்தது.

பிரசவப் பிரிவு தப்பியது. கீழ்ப்பள்ளத்தில் குட்டை வெட்டவில்லை. எமெட் மட்டும் அவளோடு பேசவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் பழைய குட்டைகளுக்கும் சேர்த்து மசோதா கொண்டுவந்தாள். க்ரௌஸ் அதை எடுக்கவே இல்லை. அவையில் உறுப்பினர்கள் விருப்பப்பட்டதைப் பேச ஒதுக்கிய நேரத்தில் எழுந்து எமெட்டின் கிணற்றைப் பற்றிப் பேசினாள். அந்தத் திருத்தம் யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தது என்பதையும் சொன்னாள். சொல்லும்போதே அவை காலியாகத் தொடங்கியது.

தேர்தல் வந்ததும் ஊரின் எல்லாத் தபால் பெட்டிகளிலும் வழவழப்பான அட்டைகள் விழுந்தன. வில்மா ஊர்க்காரர்களின் வேலையைப் பறிக்கப் பார்க்கிறாள் என்றன அவை. அச்சிட்டு அனுப்பியது 'பள்ளத்தாக்குக் குடும்பங்கள்' என்றொரு அமைப்பு. பள்ளத்தாக்கில் எந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஒன்றைத் தெரியாது. அட்டையைப் படித்தவர்கள் நம்பினார்களா என்றும் தெரியாது. அவள் தோற்றாள், மறுபடி பேருந்து ஓட்டப் போனாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை எமெட் வேலியோரம் வந்து நின்றார்.

"நீ பேசினத ரேடியோல கேட்டேன்."

"பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க."

"அதுவும் கேட்டுச்சு. நாற்காலி தள்ற சத்தம்."



"அந்தத் திருத்தத்துக்கு நான் ஓட்டுப் போட்டது தப்பா எமெட்?"

"என் பேத்திக்கு நம்ம ஆஸ்பத்திரிலதான் கொழந்த பொறந்துச்சு. அத நெனச்சா தப்புன்னு சொல்ல வாய் வரல. குளிக்கத் தண்ணி தூக்கும்போது வருது."

அவள் தலையசைத்தாள். அவர் டிரக்கை நோக்கி நடந்தார். காலித் தண்ணீர்க் கேன்களை ஏற்ற அவளும் கூடப் போனாள்.